ஏர்லாக்கில் குமிழி நின்றுவிட்டது, பாட்டிலில் அடைக்கலாமா?

கருங்கல்காரன் | கருங்கல் | ஜூலை 7, காலை 6.40

அனைவருக்கும் வணக்கம். தங்கையின் கல்யாணத்துக்காக விடுப்பில் ஊருக்கு வந்திருக்கிறேன். வேலை மெல்பர்னில். அங்கே சொந்த உபயோகத்துக்கு வீட்டில் பீர் செய்துகொள்ளலாம். விற்கக் கூடாது, சாராயம் வடிக்கக் கூடாது, அவ்வளவுதான். கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்பு, ஜூன் 27 அன்று, வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு பீர் போட்டேன். 1.7 கிலோ மால்ட் பாகு ஒரு டின், மால்ட் பொடி 1 கிலோ, தண்ணீர் சேர்த்து மொத்தம் 20 லிட்டர், டின்னோடு வந்த ஈஸ்ட். தொடக்கத்தில் ஹைட்ரோமீட்டர் (திரவத்தின் அடர்த்தியைக் காட்டும் மிதவைக் குழாய்; தண்ணீரில் 1.000, சர்க்கரை கூடினால் எண் கூடும்) 1.044 காட்டியது. மறுநாள் காலையில் வாளிக்குள் நான்கு விரல் உயரத்துக்கு நுரை நின்றது. மூடியில் செருகிய ஏர்லாக்கில் (வாயுவை மட்டும் வெளியே விடும் தண்ணீர் அடைப்பு) குமிழி நிற்காமல் ஓடியது. அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டேதான் விமான நிலையத்துக்குக் கிளம்பினேன்.

என்னோடு தங்கியிருப்பவன் இரணியலைச் சேர்ந்த தம்பி. வாளியை அவனிடம் ஒப்படைத்துவிட்டு வந்தேன். குமிழி நின்று நான்கு நாள் ஆகிவிட்டது என்கிறான். 5-ஆம் தேதி எடுத்த அளவு 1.020. இன்று எடுத்ததும் 1.020. ‘இரண்டு தடவை ஒரே எண் வந்தால் முடிந்துவிட்டது என்று நீங்கள்தானே சொன்னீர்கள்?’ என்று கேட்கிறான். நான்தான் சொன்னேன். ஆனால் 1.020 என்பது எனக்கு இடிக்கிறது. அடைக்கச் சொல்லலாமா?

கோலிசோடா | திங்கள்நகர் | ஜூலை 7, காலை 7.15

அடைக்க வேண்டாம். மற்றவர்கள் வந்து காரணம் சொல்லட்டும், நான் அனுபவத்தைச் சொல்கிறேன்.

அப்பா சோடா கம்பெனி வைத்திருந்தார். கம்பெனி என்றால் ஓட்டுக் கூரை, ஒரு கை இயந்திரம், இரண்டு வேலையாட்கள். கோலி பாட்டிலின் கண்ணாடி எவ்வளவு கனம் என்று பிடித்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும். அதற்குள் நாங்கள் ஏற்றியது அளந்த வாயு. அப்படியிருந்தும் கம்பி வலை போட்டு மூடாமல் இயந்திரத்தைச் சுற்ற அப்பா யாரையும் விடமாட்டார். ஒருநாள் ஈரச் சாக்கின் மேல் அடுக்கி வைத்திருந்த பாட்டில் ஒன்று, யாரும் தொடாமலேயே வெடித்தது. என் இடது புருவத்தில் பாதி ரோமம் முளைக்காமல் இருப்பது அதன் நினைவாகத்தான். ஒரு துண்டு சுவரில் மாட்டியிருந்த காலண்டரைத் துளைத்துக்கொண்டு பின்னால் போய்ச் செருகி நின்றது.

உங்கள் பாட்டில் அதைவிட மெலிசு. உள்ளே வாயு ஏற்றுவது இயந்திரம் அல்ல, ஈஸ்ட். போதும் என்று சொல்லி அதை நிறுத்த ஆளில்லை.

ஆரல்காற்று | ஆரல்வாய்மொழி | ஜூலை 7, காலை 8.02

பயமுறுத்தாதீர்கள் அண்ணா. நான் யூடியூபில் நிறைய பார்த்திருக்கிறேன். குமிழி நின்றால் ஈஸ்ட் வேலையை முடித்துவிட்டது என்று அர்த்தம். அதோடு இரண்டு நாள் இடைவெளியில் ஒரே அளவும் வந்திருக்கிறது. இன்னும் என்ன சாட்சி வேண்டும்?

வடசேரிக்காரன் | நாகர்கோவில் | ஜூலை 7, காலை 10.30

ஆறு வருடம் ஜெர்மனியில் ஒரு மதுபான ஆலையின் ஆய்வகத்தில் வேலை பார்த்தேன். தினமும் காலையில் முதல் வேலையே இந்த அளவு எடுப்பதுதான். அந்த உரிமையில் எழுதுகிறேன்.

குமிழியை முதலில் ஒதுக்கி வையுங்கள். வாளி மூடியின் ரப்பர் வளையம் சரியாக உட்காராவிட்டால் வாயு பக்கவாட்டில் கசிந்து போகும். ஏர்லாக் அசையாது, உள்ளே நொதித்தல் ஜோராக நடந்துகொண்டிருக்கும். இதற்கு நேர்மாறாகவும் நடக்கும். நொதித்தல் முடிந்த பிறகு அறை சூடானால் பீரில் கரைந்திருந்த வாயு வெளியேறி, குமிழி இரண்டு நாள் ஓடும். வாளி குளிர்ந்தால் உள்ளே இருக்கும் காற்று சுருங்கி, ஏர்லாக்கில் உள்ள தண்ணீரையே உள்ளே இழுக்கும். ஆக, மூடிக்கு மேலே வாயு போகிறதா இல்லையா என்பதுதான் குமிழி சொல்லும் சேதி. பீருக்குள் சர்க்கரை மிச்சம் இருக்கிறதா என்று அதற்குத் தெரியாது.

இப்போது எண்ணுக்கு வருவோம். அளவு மாறாமல் நிற்க வேண்டும் என்பது பாதி விதிதான். நிற்க வேண்டிய இடத்தில் நிற்க வேண்டும் என்பது மறுபாதி. 1.044-இல் தொடங்கிய மால்ட் பீரை, டின்னோடு வரும் சாதாரண ஏல் ஈஸ்ட் முக்கால் பங்கு கரைக்கும். 44-இல் முக்கால் போனால் 11. அதாவது 1.011 அல்லது அதற்கு ஒன்றிரண்டு முன்னே பின்னே. நீங்கள் 1.020-இல் நிற்கிறீர்கள். பாதி வழியைத் தாண்டி ஒரு நிறுத்தம், அவ்வளவுதான். நாகர்கோவிலில் ஏறியவர் வள்ளியூரில் பஸ் நின்றதும் திருநெல்வேலி வந்துவிட்டது என்று இறங்கினால் எப்படி?

கோலிசோடா பயப்படுவது நியாயம். 1.020-இலிருந்து 1.011 வரை இறங்க ஏறத்தாழ லிட்டருக்கு 19 கிராம் சர்க்கரை கரைய வேண்டும். பாட்டிலில் வாயு உண்டாக்க நாம் வேண்டுமென்றே போடும் சர்க்கரை லிட்டருக்கு 7 கிராம்தான். இப்போதே அடைத்து, மேலே அந்த 7 கிராமையும் போட்டால் மொத்தம் 26. ஈஸ்ட் என்றைக்காவது விழித்துக்கொண்டால் உங்கள் வீட்டில் பாட்டில் மிஞ்சாது.

அறையின் வெப்பநிலை என்ன? அளவெடுக்கும்போது எடுத்த படம் இருந்தால் போடுங்கள்.

கருங்கல்காரன் | கருங்கல் | ஜூலை 7, நண்பகல் 12.10

சலவை அறையில்தான் வைத்தேன். சின்ன ஹீட்டர் ஒன்று 20 டிகிரியில் ஓடுகிறது. தம்பி அனுப்பிய படத்தைக் கீழே இணைத்திருக்கிறேன்.

இதற்கிடையில், திண்ணையில் உட்கார்ந்து நான் எழுதுவதைப் பார்த்துக்கொண்டிருந்த அப்பா என்ன விஷயம் என்று கேட்டார். அப்பா 31 வருடம் பனை ஏறியவர். முழங்கால் போன பிறகுதான் இறங்கினார். நுரை அடங்கிவிட்டது, அதனால் முடிந்துவிட்டதா என்று கேட்கிறோம் என்றேன். சிரித்துவிட்டார். ‘மக்களே, கருப்பட்டி காய்ச்சும்போது பாகு பொங்கும், அடங்கும், திரும்பப் பொங்கும். அடங்கியதைப் பார்த்து இறக்குகிறவன் முதல் வருடம் முழுக்க இளகின கருப்பட்டிதான் விற்பான். ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டு உருட்டிப் பார்த்துத்தான் இறக்க வேண்டும்’ என்றார்.

பால்மானி | வில்லுக்குறி | ஜூலை 7, பிற்பகல் 2.45

பால் சொசைட்டியில் பரிசோதகனாக இருந்து ஓய்வு பெற்றவன். பீரைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஆனால் மிதக்கிற குழாயை வாசிப்பது என் பிழைப்பாக இருந்தது. படத்தை மூன்று தடவை பெரிதாக்கிப் பார்த்தேன்.

முதல் குற்றம்: படம் மேலிருந்து எடுக்கப்பட்டிருக்கிறது. கண்ணைத் திரவ மட்டத்துக்குக் கொண்டுவந்து, குனிந்து வாசிக்க வேண்டும். திரவம் குழாயை ஒட்டிக் கொஞ்சம் மேலே ஏறி நிற்கும். பாலுக்குள் பார்வை ஊடுருவாது என்பதால் அந்த மேல் விளிம்பையே வாசிப்போம். உங்கள் பீர் ஓரளவு தெளிவு. கீழ் மட்டத்தை வாசியுங்கள்.

இரண்டாவது, குழாயின் இடுப்பில் குமிழிகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. ஒவ்வொரு குமிழியும் அதைத் தூக்கிப் பிடிக்கும். எண் கூடுதலாகக் காட்டும். கறந்த நுரையோடு பாலை அளந்தால் நாங்கள் ஏமாந்துபோவோம் என்று அரை மணி நேரம் ஆற வைப்போம். நீங்கள் சாம்பிளை இரண்டு டம்ளர்களுக்கு இடையே நாலு ஆற்று ஆற்றி, வாயுவைப் போக்கிவிட்டு, குழாயை ஒரு சுழற்று சுழற்றி விடுங்கள்.

மூன்றாவது ஒரு சந்தேகம். அளவு ஜாடிக்குப் பின்னால், இடது மூலையில் கறுப்பாக வளைந்து தெரிவது கார் டயர் இல்லையா? சலவை அறையில் கார் டயருக்கு என்ன வேலை?

கருங்கல்காரன் | கருங்கல் | ஜூலை 7, பிற்பகல் 2.58

டயர்தான்.

தம்பி, இங்கே வந்து பதில் சொல்.

இரணியல்இளையவன் | மெல்பர்ன் | ஜூலை 7, மாலை 4.20

வணக்கம். நான்தான் அந்தத் தம்பி. ஜூலை 1 அன்று வாளியைக் கார் ஷெட்டுக்கு மாற்றினேன். சலவை அறை முழுக்கப் புளித்த வாடை. துவைத்த சட்டையிலும் அதே வாடை. அலுவலகத்தில் பக்கத்து நாற்காலிக்காரர் ஒரு மாதிரியாகப் பார்த்தார். அண்ணனிடம் சொன்னால் கல்யாண வேலைக்கு நடுவில் கவலைப்படுவார் என்று சொல்லவில்லை. ஷெட்டில் இப்போது 12 டிகிரி. இங்கே குளிர்காலம் என்பதை யாரும் மறக்க வேண்டாம்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். சனிக்கிழமைக்கு நான்கு பேரைச் சாப்பிட அழைத்திருக்கிறேன்.

பேச்சிப்பாறைமழை | பேச்சிப்பாறை | ஜூலை 7, மாலை 5.05

இதற்கா இவ்வளவு விவாதம்? இங்கே ஒரு வாரமாக அடைமழை. நேற்று இரவு எட்டு மணிக்குக் கரைத்த ஆப்ப மாவு இன்று காலை ஏழு மணிக்கும் கரைத்தபடியே கிடந்தது. பங்குனி வெயிலில் என்றால் பாத்திரத்தை விட்டு வழிந்திருக்கும். காலையில் ஒரு குமிழியும் இல்லையே, மாவு புளித்து முடிந்துவிட்டது என்று யாராவது ஆப்பம் சுடுவோமா? அடுப்புப் பக்கத்தில் நகர்த்தி வைத்தேன், பத்து மணிக்குப் பொங்கியது.

தம்பி, அந்த வாளியைத் தூக்கி வீட்டுக்குள் வை. சட்டை நாறினால் சட்டையை வேறு இடத்தில் காயப்போடு.

வடசேரிக்காரன் | நாகர்கோவில் | ஜூலை 7, இரவு 8.40

அக்கா சொன்னதுதான் முழு விஷயமும். ஏல் ஈஸ்டுக்கு 18 முதல் 22 டிகிரி வரை இதமாக இருக்கும். நல்ல வேகத்தில் இருந்ததைத் திடீரென்று 12-க்கு இறக்கினால் அது சோர்ந்து அடியில் படிந்துவிடும். சாகவில்லை, முடங்கிக் கிடக்கிறது. லாகர் ஈஸ்டாக இருந்தால் அந்தக் குளிரில் நிதானமாக வேலை செய்துகொண்டிருக்கும்; டின்னோடு வந்தது அந்த ரகமாகத் தெரியவில்லை.

செய்ய வேண்டியது இது. வாளியை 20 டிகிரிக்குக் கொண்டுபோங்கள். மூடியைத் திறக்காமல், வாளியை இரு கையாலும் பிடித்து மெதுவாகச் சுழற்றுங்கள். அடியில் கிடக்கும் ஈஸ்ட் எழும்ப வேண்டும், ஆனால் தளும்பக் கூடாது. இந்தக் கட்டத்தில் காற்று கலந்தால் பீரில் நனைந்த அட்டைப் பெட்டியின் ருசி வரும். பிறகு மூன்று நாளுக்கு அந்தப் பக்கமே போக வேண்டாம். உங்கள் ஹைட்ரோமீட்டர் 20 டிகிரிக்குச் செய்யப்பட்டது என்றால், 12 டிகிரி சாம்பிளில் அது 0.001 அளவுக்குக் கூடுதலாகக் காட்டியிருக்கும். அதைக் கழித்தாலும் 1.019தான், நிலைமை மாறவில்லை.

இதோடு இன்னொரு வேலையும் செய்யுங்கள். ஆலையில் நாங்கள் கடைப்பிடித்த பழக்கம் இது, வீட்டில் செய்பவர்கள் ஏன் செய்வதில்லை என்று தெரியவில்லை. வாளியிலிருந்து 200 மில்லி பீரைச் சுத்தமான பாட்டிலில் எடுங்கள். அதில் ஒரு சிட்டிகை ஈஸ்ட் கூடுதலாகப் போட்டு, வாயைத் தாளால் தளர்வாக மூடி, 25 டிகிரி இருக்கும் இடத்தில் வைத்து அவ்வப்போது குலுக்குங்கள். இவ்வளவு ஈஸ்டும் சூடும் கிடைத்தால் அந்தச் சின்ன பாட்டில் இரண்டு மூன்று நாளில் கடைசி வரை போய்விடும். அது எந்த எண்ணில் நிற்கிறதோ அதுதான் உங்கள் பெரிய வாளி போய்ச் சேர வேண்டிய இடம். ஊகமே வேண்டாம். அளந்த பிறகு அதைக் கொட்டிவிடுங்கள். சாம்பிளைத் திரும்ப வாளியில் ஊற்றக் கூடாது.

சனிக்கிழமை விருந்துக்கு மோர் கொடுங்கள். இன்றைக்கே எல்லாம் முடிந்திருந்தாலும், பாட்டிலில் வாயு ஏற இரண்டு வாரம் ஆகும்.

ஆரல்காற்று | ஆரல்வாய்மொழி | ஜூலை 7, இரவு 9.30

நான் சொன்னது தவறுதான், ஒப்புக்கொள்கிறேன். ஒரு சந்தேகம். இந்த டின்னும் வாளியும் கிடைத்தால் நம் ஊரிலேயே செய்து பார்க்கலாமா? இங்கே ஹீட்டர்கூட வேண்டாமே.

தக்கலைடீச்சர் | தக்கலை | ஜூலை 7, இரவு 10.05

செய்யக் கூடாது. 1937-ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டம் இங்கே இன்னும் நடப்பில் இருக்கிறது. உரிமம் இல்லாமல் மது தயாரிப்பது குற்றம். வீட்டுக்காக என்று சொன்னால் விட்டுவிடுவார்கள் என்று நினைக்க வேண்டாம். களியக்காவிளையைத் தாண்டினால் கள்ளுக்கடை இருக்கிறது, இந்தப் பக்கம் 1987 முதல் கள்ளுக்கே தடை. கருங்கல்காரனின் அப்பா இறக்கியதும் கள் அல்ல, சுண்ணாம்பு தடவிய கலயத்தில் இறக்கிய அக்கானி, அதாவது பதநீர்.

அந்தச் சுண்ணாம்பும் இந்த இழைக்குச் சம்பந்தம் உள்ளதுதான். நாற்பது வருடம் வேதியியல் சொல்லிக்கொடுத்தவள் என்பதால் சொல்லாமல் இருக்க முடியவில்லை. பாளையிலிருந்து சொட்டும் சாற்றில் காற்றிலும் கலயத்திலும் இருக்கும் ஈஸ்ட் உடனே இறங்கிவிடும். சுண்ணாம்பு சாற்றைக் காரமாக்குகிறது. காரத்தில் ஈஸ்ட் வேலை செய்ய முடிவதில்லை. உங்கள் தம்பி குளிரால் செய்ததை நம் பனையேறிகள் சுண்ணாம்பால் செய்தார்கள். வித்தியாசம், அவர்கள் தெரிந்து செய்தார்கள்.

கருங்கல்காரன் | கருங்கல் | ஜூலை 11, காலை 7.20

வாளி 8-ஆம் தேதி வீட்டுக்குள் வந்துவிட்டது. 9-ஆம் தேதி இரவு குமிழி திரும்ப ஓடுகிறது என்று தம்பி குரல் பதிவு அனுப்பினான். பெட்டிக்கடைப் பாயிலரில் தண்ணீர் கொதிக்கிற சத்தம் போலக் கேட்டது. இன்று வாளியில் 1.015. அந்தச் சின்ன பாட்டில் 1.011-இல் போய் நின்றுவிட்டது. வடசேரி அண்ணா, உங்கள் முக்கால் கணக்கு அப்படியே வந்திருக்கிறது.

நாளை மறுநாள் கல்யாணம். இனி இரண்டு நாள் என்னைத் தேட வேண்டாம்.

இரணியல்இளையவன் | மெல்பர்ன் | ஜூலை 13, காலை 9.15

அண்ணன் மண்டபத்தில் இருப்பார், போன் எடுக்கவில்லை. யாராவது அவசரமாகப் பதில் சொல்லுங்கள்.

நேற்று ஹைட்ரோமீட்டரைக் கழுவும்போது கை வழுக்கித் தொட்டியில் விழுந்து உடைந்துவிட்டது. நண்பர் ஒருவரிடம் ரிஃப்ராக்டோமீட்டர் இருந்தது. இரண்டு சொட்டு விட்டு வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிற கருவி. இன்று அதில் பார்த்தேன். 6 பிரிக்ஸ் (சர்க்கரை அளவின் அலகு) காட்டுகிறது. அட்டவணையில் பார்த்தால் 6 பிரிக்ஸ் என்பது 1.024. இரண்டு நாளுக்கு முன்னால் 1.015 இருந்தது 1.024 ஆகிவிட்டது. பீருக்குள் சர்க்கரை திரும்ப உண்டாகிறதா?

ஆரல்காற்று | ஆரல்வாய்மொழி | ஜூலை 13, காலை 9.22

இந்தத் தடவை நான் கருத்துச் சொல்லவில்லை.

தக்கலைடீச்சர் | தக்கலை | ஜூலை 13, காலை 9.50

பதற வேண்டாம் தம்பி. கருவி சரிதான், அதனிடம் கேட்ட கேள்விதான் தவறு. ரிஃப்ராக்டோமீட்டர் திரவத்தில் ஒளி எவ்வளவு வளைகிறது என்று பார்க்கிறது. தண்ணீரும் சர்க்கரையும் மட்டும் இருந்தால் வளைவை வைத்துச் சர்க்கரையைச் சொல்லிவிடலாம். முதல் நாள் அளந்திருந்தால் 11 பிரிக்ஸ் காட்டியிருக்கும், அது உங்கள் 1.044-ஓடு பொருந்தும். இப்போது உள்ளே ஆல்கஹால் இருக்கிறது. ஆல்கஹாலும் ஒளியைத் தண்ணீரைவிட அதிகமாக வளைக்கும். கருவிக்கு அது தெரியாது. வளைவு முழுவதையும் சர்க்கரைக் கணக்கில் எழுதிவிடுகிறது.

ஹைட்ரோமீட்டரிலும் ஆல்கஹால் விளையாடும், ஆனால் எதிர்த்திசையில். ஆல்கஹால் தண்ணீரைவிட லேசானது. மிதவை கூடுதலாக இறங்கும். 1.011 என்பதிலேயே அந்த இறக்கம் அடங்கியிருக்கிறது, பீர்க்காரர்களின் கணக்கெல்லாம் அதைச் சேர்த்துக்கொண்டு போட்டதுதான்.

வடசேரிக்காரன் | நாகர்கோவில் | ஜூலை 13, காலை 11.40

டீச்சர் சொன்னதற்குப் பிறகு எனக்கு வேலை இல்லை, ஒரு கணக்கைத் தவிர. தொடக்கம் 11, இப்போது 6 என்ற இரண்டையும் வைத்து ஆல்கஹாலுக்குத் திருத்தம் போட ஒரு வாய்பாடு இருக்கிறது. போட்டுப் பார்த்தேன்: 1.011 வருகிறது. தம்பி, நீ பயந்த எண்தான் நல்ல சேதி. ஆனால் அந்த வாய்பாடு தோராயமானது. அதை நம்பி அடைக்காதே. புது ஹைட்ரோமீட்டர் வாங்கு.

பால்மானி | வில்லுக்குறி | ஜூலை 13, பிற்பகல் 1.30

வாங்கியதும் நேராகப் பீரில் போடாதே. முதலில் 20 டிகிரித் தண்ணீரில் போடு. 1.000 காட்ட வேண்டும். பல புதுக் குழாய்கள் காட்டாது. உள்ளே ஒட்டியிருக்கும் அளவுத் தாள் ஒரு நூல் நழுவியிருந்தால் போதும். எங்கள் சொசைட்டிக்கு ஒரு தடவை வந்த புது பால்மானி, சுத்தமான பாலையெல்லாம் தண்ணீர் கலந்த பால் என்று காட்டிவிட்டது. ஒரு கிழவி கேனைத் தூக்கி என் மேசைமேல் வைத்துவிட்டு, ‘என் மாட்டையே இங்கே கொண்டுவந்து கட்டுகிறேன், நீயே கறந்து பார்’ என்றாள். பழைய குழாயை எடுத்து அளந்த பிறகுதான் விஷயம் புரிந்தது. அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். அன்று முதல் எந்தக் குழாயையும் தண்ணீரில் போட்டுப் பார்க்காமல் நம்பியதில்லை.

இரணியல்இளையவன் | மெல்பர்ன் | ஜூலை 14, பிற்பகல் 3.10

பால்மானி ஐயா, நீங்கள் இல்லாவிட்டால் இன்றும் ஓடிவந்து கத்தியிருப்பேன். புதுக் குழாய் பீரில் 1.013 காட்டியது. பிறகு தண்ணீரில் போட்டேன்: 1.002. ஆக, பீர் 1.011. சாம்பிளை ஆற்றி, குமிழி போன பிறகு, தரையில் மண்டியிட்டுக் கண்ணை மட்டத்துக்குக் கொண்டுவந்து வாசித்தேன். படம் இணைத்திருக்கிறேன். பின்னால் டயர் இல்லை.

கருங்கல்காரன் | கருங்கல் | ஜூலை 15, காலை 6.55

கல்யாணம் நல்லபடியாக முடிந்தது. பாயசத்தில் சர்க்கரை குறைவு என்று மாப்பிள்ளை வீட்டாரின் ஒரே ஒரு குறை. அதை அளக்க என்னிடம் கருவி இல்லை.

இழையை இப்போதுதான் படித்தேன். எல்லோருக்கும் நன்றி. 1.011 வந்துவிட்டது, சின்ன பாட்டிலும் அங்கேதான் நின்றது. இன்றே அடைக்கலாமா?

வடசேரிக்காரன் | நாகர்கோவில் | ஜூலை 15, காலை 8.30

இன்னும் இரண்டு நாள். உங்கள் கையில் இருப்பது 1.011 என்ற ஒரே ஒரு நம்பத்தகுந்த அளவு. அதே குழாயால் இன்னொன்று எடுங்கள். அந்த இரண்டு நாள் வெறும் காவல் அல்ல. குளிரில் முடங்கி எழுந்த ஈஸ்ட் சில சமயம் வெண்ணெய் வாடையை விட்டுவைக்கும். சூட்டில் கொஞ்ச நாள் இருந்தால் ஈஸ்டே அதைத் திரும்ப எடுத்துக்கொள்ளும். சோதிக்க வேண்டுமானால், இரண்டு டம்ளரில் கொஞ்சம் பீர் எடுத்து மூடி, ஒன்றை வெந்நீரில் அரை மணி நேரம் வைத்து, பிறகு இரண்டையும் ஆற வைத்து முகர்ந்து பாருங்கள். சூடுபடுத்தியதில் வெண்ணெய் வாடை கிளம்பினால் இன்னும் பொறுக்க வேண்டும்.

பேச்சிப்பாறைமழை | பேச்சிப்பாறை | ஜூலை 15, காலை 9.10

வெண்ணெய் வாடை ஒரு குறையா? என்ன மக்களோ.

இரணியல்இளையவன் | மெல்பர்ன் | ஜூலை 17, மாலை 5.45

இன்றும் 1.013, அதாவது 1.011. இரண்டு டம்ளரிலும் ரொட்டி வாசம்தான், வெண்ணெய் இல்லை. அடைத்துவிட்டேன். அடியில் படிந்ததை விட்டுவிட்டு 18.5 லிட்டர் தேறியது. லிட்டருக்கு 7 கிராம் வீதம் 130 கிராம் சர்க்கரையைத் தண்ணீரில் காய்ச்சி, ஆற வைத்துக் கலந்தேன். 750 மில்லி கண்ணாடிப் பாட்டில் 24 வந்தது. மிச்சத்தை ஒரு சின்ன பிளாஸ்டிக் பாட்டிலில் அடைத்திருக்கிறேன். கோலிசோடா அண்ணனை நினைத்துக்கொண்டு கண்ணாடிப் பாட்டில்கள் எல்லாவற்றையும் மூடியுள்ள பெட்டியில் வைத்து, மேலே பழைய கம்பளி ஒன்றையும் போட்டிருக்கிறேன்.

கோலிசோடா | திங்கள்நகர் | ஜூலை 17, இரவு 7.00

அந்த பிளாஸ்டிக் பாட்டில்தான் உன் காவல்காரன். தினமும் அதை அமுக்கிப் பார். நாளுக்கு நாள் இறுகும். ஒரு வாரத்தில் கல் மாதிரி ஆனால் சரி. அடிப்பாகம் புடைத்துக்கொண்டு நிற்க மறுத்தால் பெட்டியைத் திறக்காதே, எங்களைக் கேள்.

தக்கலைடீச்சர் | தக்கலை | ஜூலை 17, இரவு 9.15

44-இலிருந்து 11-க்கு இறங்கியிருப்பதால் ஆல்கஹால் ஏறத்தாழ 4.3 சதவீதம். கணக்குக்காகச் சொன்னேன், பரிந்துரைக்காக அல்ல.

கருங்கல்காரன் | கருங்கல் | ஜூலை 19, காலை 6.30

நாளை கிளம்புகிறேன். அப்பா புதுக் கோரிக்கை வைத்திருக்கிறார். அடுத்த தடவை வரும்போது அந்த மிதக்கும் குழாய் ஒன்று வேண்டுமாம். சந்தையில் வாங்கும் அக்கானியில் தண்ணீர் சேர்க்கிறார்கள் என்று அவருக்கு வெகு நாளாகச் சந்தேகம். நாக்குக்குத் தெரிகிறது, விற்பவனிடம் நிரூபிக்க முடியவில்லை என்கிறார்.

இரணியல்இளையவன் | மெல்பர்ன் | ஜூலை 20, காலை 8.00

பிளாஸ்டிக் பாட்டில் இறுகிக்கொண்டே வருகிறது, அடிப்பாகம் புடைக்கவில்லை. பெட்டியை மெதுவாகத் திறந்து ஒரு படம் எடுத்தேன், இணைத்திருக்கிறேன். ஒன்றுகூட வெடிக்கவில்லை. அண்ணன் வந்து சேர்ந்து, இரண்டு வாரமும் முடிந்த பிறகுதான் முதல் பாட்டிலைத் திறப்பேன் என்று சபை முன்னால் வாக்குக் கொடுக்கிறேன்.

பால்மானி | வில்லுக்குறி | ஜூலை 20, காலை 10.25

படத்தைப் பெரிதாக்கி எண்ணினேன். கண்ணாடிப் பாட்டில் 23 இருக்கிறது.